தப்பு வளர்ப்புலயா, ரத்தத்துலயா? மனச்சிதைவு நோய் பற்றி இரட்டையர்கள் சொன்ன பதில்

1/
போன வாரம் பிரஷர் மாத்திரைக்கு வந்த ஒரு அம்மா, சீட்டை வாங்கிட்டு எழுந்தவங்க கதவுகிட்ட போய் நின்னுட்டாங்க.

"சார், ஒண்ணு கேக்கலாமா? பையனுக்கு மனச்சிதைவு நோய்னு சொல்லி ஆறு மாசமா மாத்திரை சாப்பிடறான். நான் வளத்ததுல ஏதாவது தப்பா சார்?"

இல்லம்மான்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. "அப்போ பரம்பரையா? பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம். வர்றவங்ககிட்ட சொல்லணுமா?"

2/
வெளியில டோக்கனோட பதினஞ்சு பேர் உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடிஞ்சதை சொல்லி அனுப்பினேன். நான் மனநல மருத்துவர் இல்ல, பொது மருத்துவர்தான். ஆனா அந்த அம்மா கேட்ட ரெண்டு கேள்வியையும் உலகம் நூறு வருஷமா கேட்டுட்டிருக்கு.

"ரத்தத்துல இருக்கு"ன்னு நம்பி ஒரு நாடு தன் நோயாளிகளையே கொன்னது. "அம்மா வளர்ப்பு சரியில்ல"ன்னு நம்பி இன்னொரு நாடு ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கியது. ரெண்டுமே தப்புன்னு நிரூபிச்சது இரட்டைப் பிள்ளைகள். அந்தக் கதையைத்தான் இந்த த்ரெட்ல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3/
முதல்ல நோயைப் பத்தி ரெண்டு வரி. யாரும் பேசாதப்பவே காதுல குரல் கேக்கறது, எல்லாரும் சேர்ந்து தனக்கு எதிரா சதி பண்றாங்கன்னு அசைக்க முடியாம நம்பறது, பேச்சும் யோசனையும் கோர்வை இல்லாம போறது, மெல்ல மெல்ல யார்கூடவும் ஒட்டாம ஒதுங்கறது. தோராயமா நூத்துல ஒருத்தருக்கு வாழ்நாள்ல வரும். பெரும்பாலும் படிப்பு முடிச்சு வேலைக்குப் போற வயசுல ஆரம்பிக்கும்.

ஸ்கிசோஃப்ரினியாங்கற பேரை 1908ல வச்சவர் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர். "அந்நியன்" படத்துல பார்த்தது இந்த நோய் இல்லீங்க. அது வேற.

4/
இப்போ இரட்டையர்கள். ரெண்டு வகை இருக்கு.

ஒரே கருமுட்டை ரெண்டா பிரிஞ்சு பிறக்கறவங்க ஒரு வகை. அச்சு அசலா ஒரே மாதிரி இருப்பாங்க, மரபணுவும் கிட்டத்தட்ட முழுக்க ஒண்ணுதான். இன்னொரு வகையில ரெண்டு தனித்தனி கருமுட்டை. ஒரே பிரசவம்ங்கறதைத் தவிர சாதாரண அண்ணன் தங்கச்சி மாதிரிதான் இவங்க. மரபணுவுல சராசரியா பாதிதான் பொதுவா இருக்கும்.

இயற்கையா வளர்ப்பாங்கற கேள்விக்கு இரட்டையர்கள்கிட்ட பதில் இருக்கும்னு 1875லேயே எழுதினவர் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன். ரெண்டு வகையையும் முறையா ஒப்பிட்டுப் பார்க்கற வழியை 1924ல விளக்கினவர் ஹெர்மன் சீமென்ஸ்ங்கற ஜெர்மன் தோல் மருத்துவர்.

5/
கணக்கு ரொம்ப எளிசு.

நோய் முழுக்க மரபணுவால வருதுன்னா, ஒரு கரு இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கும் வந்தே ஆகணும். நூத்துக்கு நூறு.

நோய் முழுக்க வளர்ப்பால வருதுன்னா, ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே வயசு. அப்போ ரெண்டு வகை இரட்டையர்லயும் ஒரே சதவீதம் வரணும்.

இந்த ரெண்டு வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இதுதான்.

6/
முனிச், 1920கள். நவீன மனநல மருத்துவத்தின் தந்தைகள்ல ஒருத்தரான எமில் க்ரெப்லின் தொடங்கின ஆராய்ச்சி நிலையம். அங்க மரபியல் பிரிவுக்குத் தலைவர் எர்ன்ஸ்ட் ரூடின். நோயாளிகளோட உடன்பிறந்தவங்களைக் கணக்கெடுத்து 1916லேயே பெரிய ஆய்வு வெளியிட்டவர். மெண்டல் பட்டாணிச் செடியில கண்டுபிடிச்ச விகிதம் இங்கயும் வரும்னு எதிர்பார்த்தார். வரல.

அதே நிலையத்துல ஹான்ஸ் லுக்சன்பர்கர் 1928ல மனநோய்க்கான முதல் முறையான இரட்டையர் ஆய்வை வெளியிட்டார். ஒரு கரு இரட்டையர்கள்ல ரெண்டு பேருக்கும் நோய் வர்றது அதிகம்னு தெரிஞ்சது. ஆனா எல்லா ஜோடியிலயும் அப்படி இல்ல. ஒருத்தர் நோயாளியாவும் இன்னொருத்தர் நல்லாவும் இருந்த ஜோடிகளும் அந்தக் கணக்குலயே இருந்தாங்க.

7/
அதாவது அவங்க கையில இருந்த எண்களே "இது வெறும் ரத்த சம்பந்தம் இல்ல"ன்னு சொல்லிடுச்சு. ஆனா அரசியல் அந்த எண்களுக்காகக் காத்திருக்கல.

1933 ஜூலையில ஹிட்லர் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டு வந்தது. பட்டியல்ல இருந்த நோய்கள்ல மனச்சிதைவும் ஒண்ணு. சட்டத்துக்கு அதிகாரப்பூர்வ விளக்கவுரை எழுதினவங்கள்ல ஒருத்தர் இதே ரூடின். தன்னோட கணக்கு மெண்டல் விகிதத்துல பொருந்தலைன்னு தெரிஞ்ச அதே ஆள்.

ஜெர்மனி மட்டும்தான் கெட்டதுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல இந்தியானா மாநிலம் 1907லேயே இப்படி ஒரு சட்டம் போட்டிருந்தது.

8/
1939ல இருந்து கருத்தடை கொலையா மாறுச்சு. மனநல மருத்துவமனைகளுக்குப் படிவம் வந்தது. டாக்டர்கள் பூர்த்தி செஞ்சு அனுப்பினாங்க. வேற டாக்டர்கள், நோயாளியைப் பார்க்காமலே அந்தப் படிவத்துல குறி போட்டாங்க. அடுத்து பஸ் வந்தது. ஆறு இடங்கள்ல விஷவாயு அறைகள். 1941 ஆகஸ்ட் வரைக்கும் மட்டும் சுமார் 70,000 பேர். அதுக்கப்புறமும் பட்டினி போட்டும் மருந்தை அதிகமாக் கொடுத்தும் தொடர்ந்தது.

கருத்தடை, கொலை ரெண்டையும் சேர்த்தா மனச்சிதைவு நோயாளிகள் மட்டும் 2,20,000ல இருந்து 2,69,500 வரை இருக்கும்னு 2010ல ஃபுல்லர் டோரி, ராபர்ட் யோல்கன் கணக்குப் போட்டாங்க. அன்னைக்கு ஜெர்மனியில இருந்த இந்த நோயாளிகள்ல சுமார் முக்கால்வாசியோ, அதுக்கும் மேலயோ.

9/
சரி, நோய் ஒழிஞ்சுதா?

இல்ல. போருக்கு அப்புறம் எடுத்த கணக்குகள்ல, புதுசா நோய் வர்றவங்க எண்ணிக்கை குறையவே இல்ல.

காரணம் இன்னைக்குத் தெரியும். இந்த நோய் உள்ளவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு அப்பாவுக்கும் கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது. "எங்க பரம்பரையில யாருக்குமே இல்லையே டாக்டர்"னு நம்ம ஊர்ல சொல்ற குடும்பங்கள்தான் பெரும்பான்மை.

10/
கதை அட்லாண்டிக் தாண்டுது. ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த ரெண்டு பேர், ரெண்டு எதிரெதிர் பதில்களைக் கொண்டு வந்தாங்க.

ஒருத்தர் ஃப்ரான்ஸ் கால்மன். ரூடினோட வேலை செஞ்சவர். 1935ல பெர்லின் மாநாட்டுல, நோயாளிகள் மட்டும் போதாது, நோய் இல்லாத உறவினர்களையும் கருத்தடைக்குள்ள கொண்டு வரணும்னு வாதாடினவர். ஆனா அவர் யூத வம்சாவளி. அடுத்த வருஷமே நாட்டை விட்டு ஓட வேண்டியதாச்சு. 1946ல நியூயார்க்ல இருந்து பெரிய இரட்டையர் ஆய்வை வெளியிட்டார். ஒரு கரு இரட்டையர்ல 85.8 சதவீதம், இரு கரு இரட்டையர்ல 14.7 சதவீதம் ரெண்டு பேருக்கும் நோய்.

85! கிட்டத்தட்ட விதின்னே சொல்லிடலாம் போல இருக்கில்ல?

11/
இன்னொருத்தர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன். அவங்களும் யூதர், மனநல மருத்துவர். 1935ல அமெரிக்கா வந்தவங்க. யாரும் தொடத் தயங்கின நோயாளிகள்கிட்ட மணிக்கணக்கா உட்கார்ந்து பேசினவங்க. நல்ல மனுஷி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா 1948ல அவங்க எழுதின ஒரு சொல் பெரிய சேதம் பண்ணிடுச்சு. தமிழ்ல சொன்னா "மனச்சிதைவை உண்டாக்கும் தாய்". பிள்ளையை அன்பில்லாம, அதே சமயம் பிடியை விடாம வளர்க்கிற அம்மாதான் நோய்க்குக் காரணம்ங்கற கருத்து.

அடுத்த இருபது வருஷம் அமெரிக்க மனநல மருத்துவமனைகள்ல பிள்ளையைப் பார்க்க வந்த அம்மாக்களை எப்படிப் பார்த்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

12/
இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவுல நாலு பெண்கள் வந்து மாட்டினாங்க.

1930ல மிச்சிகன் மாநிலத்துல ஒரே பிரசவத்துல பிறந்த நாலு பேர். நாலு பேரும் ஒரே கரு. சின்ன வயசுல மேடை ஏறிப் பாடி ஆடி ஊருக்கே செல்லப் பிள்ளைகள். 24 வயசுக்குள்ள நாலு பேருக்கும் மனச்சிதைவு. 1950களின் நடுவுல வாஷிங்டன் பக்கத்துல இருக்கிற தேசிய மனநல நிறுவனத்துல மூணு வருஷம் வச்சுப் பார்த்தாங்க. அடையாளம் தெரியக் கூடாதுன்னு புனைபெயர் வச்சாங்க. குடும்பப் பேர் ஜெனெய்ன், பெண்கள் நோரா, ஐரிஸ், மைரா, ஹெஸ்டர்.

13/
"பார்த்தீங்களா, நாலுக்கு நாலு. மரபணுதான்"னு ஒரு கட்சி. "அந்த வீட்டைப் பார்த்தீங்களா? அப்பன் குடிகாரன், பெண்களை அவன் பண்ணின கொடுமை என்ன! வீடுதான் காரணம்"னு இன்னொரு கட்சி. ரெண்டு பேர் சொன்னதும் உண்மை.

ஆனா முக்கியமான விஷயம் வேற. நாலு பேருக்கும் நோய் ஒண்ணு, மரபணு ஒண்ணு, வீடு ஒண்ணு. வாழ்க்கை மட்டும் ஒண்ணா போகல. ஹெஸ்டர் ரொம்ப மோசமா பாதிக்கப்பட்டு நிறைய வருஷம் மருத்துவமனையில இருந்தாங்க. மைரா வேலைக்குப் போனாங்க, கல்யாணம் பண்ணாங்க, பிள்ளைகள் வளர்த்தாங்க. ஆய்வை நடத்தி 1963ல புத்தகமா வெளியிட்ட டேவிட் ரோசந்தாலும், ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்னு வந்து நின்னார்.

14/
அதே 1963ல பின்லாந்துல இருந்து ஒரு வெடிகுண்டு. பெக்கா டியனாரி 16 ஜோடி ஒரு கரு ஆண் இரட்டையர்களைப் பார்த்தார். ஒருத்தருக்கு மனச்சிதைவு. இன்னொருத்தருக்கு? 16 ஜோடியில ஒரு ஜோடியில கூட இல்ல. பூஜ்யம்!

கால்மன் 85ங்கறார், டியனாரி பூஜ்யம்ங்கறார். ஒரே நோய்தானே? எப்படி?

15/
எண்ற விதத்துலதான் விஷயம்.

கால்மன் பெரும்பாலும் நீண்ட நாள் நோயாளிகள் நிறைஞ்ச அரசு மருத்துவமனைகள்ல தேடினார். ரொம்பத் தீவிரமான நோய்னா ரெண்டு பேருக்கும் இருக்கற வாய்ப்பு கூடும். அதோட, இவங்க ஒரு கருவா, இன்னொருத்தருக்கும் நோய் இருக்கான்னு ரெண்டையும் முடிவு பண்ணினது அவரேதான். என்ன வரணும்னு மனசுல இருக்கிறவர் கையில தராசைக் கொடுத்தா முள் எந்தப் பக்கம் சாயும்?

டியனாரியோடது சின்னக் கணக்கு. பிற்பாடு தொடர்ந்து பார்த்தப்போ சில ஜோடிகள்ல இன்னொருத்தருக்கும் வந்தது. நார்வேல ஐனார் க்ரிங்லன், 1901ல இருந்து 1930 வரை பிறந்த இரட்டையர்களை நாட்டோட மனநோய்ப் பதிவேட்டுல தேடினார். 1967ல முடிவு வந்தது. 55 ஒரு கரு ஜோடிகள்ல, நோயை எவ்வளவு கறாரா வரையறுக்கறோம்ங்கறதைப் பொறுத்து 25ல இருந்து 38 சதவீதம்.

16/
இதுக்கெல்லாம் முடிவு கட்டினது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை.

அங்க இருந்த எலியட் ஸ்லேட்டர் 1930கள்ல முனிச் போய் ரூடின் நிலையத்துலயே மரபியல் படிச்சவர். கணக்கைக் கத்துக்கிட்டார், அங்க இருந்த அரசியலை வெறுத்தார். கல்யாணம் பண்ணிக்கிட்டதே அங்க வேலை பார்த்த ஒரு யூதப் பெண் விஞ்ஞானியை. பேரு லிடியா பாஸ்டர்நாக். எழுத்தாளர் போரிஸ் பாஸ்டர்நாக்கோட தங்கச்சி.

1948ல ஸ்லேட்டர் ஒரு சின்ன வழக்கத்தை ஆரம்பிச்சார். மருத்துவமனைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "நீங்க இரட்டைப் பிறவியா?"ன்னு கேட்டு எழுதணும். அவ்வளவுதான். 16 வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தேடிப் போய்ப் பொறுக்கல, வந்தவங்களை வரிசையா எழுதினாங்க.

17/
அந்தப் பதிவேட்டை எடுத்து வேலை செஞ்சவங்க ரெண்டு பேர். அமெரிக்க உளவியலாளர் இர்விங் காட்டெஸ்மன், லண்டன்ல ஸ்லேட்டரோட இருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ்.

கால்மன் செஞ்ச தப்பு வரக்கூடாதுங்கறதுல குறியா இருந்தாங்க. ஒரு கருவா இல்லையான்னு ரத்த வகை, கைரேகை பார்த்து முடிவு பண்ணினாங்க. ஒவ்வொருத்தரோட வரலாற்றையும் தனித்தனியா எழுதி, யார் யாரோட இரட்டைன்னு தெரியாதபடி 6 நிபுணர்கள்கிட்ட கொடுத்து நோய் என்னன்னு கேட்டாங்க.

1966ல வந்த முடிவு: ஒரு கரு ஜோடிகள் 24ல 10 ஜோடியில ரெண்டு பேருக்கும் நோய். 42 சதவீதம். இரு கரு ஜோடிகள் 33ல 3. அதாவது 9 சதவீதம்.

18/
இப்போ அஞ்சாவது பதிவுக்குப் போய் அந்த ரெண்டு வரியை மறுபடி படிங்க.

42ம் 9ம் ஒண்ணு இல்ல. அதனால "எல்லாம் வளர்ப்பு"ங்கறது தோத்துப் போச்சு.

42 நூறு இல்ல. அதனால "எல்லாம் ரத்தம்"ங்கறதும் தோத்துப் போச்சு. மரபணு மொத்தமும் ஒண்ணா இருந்தும் பாதிக்கும் மேல தப்பிச்சிருக்காங்க.

19/
நியாயமா ஒரு சந்தேகம் வரும். "ஒரே மாதிரி இருக்கிற பிள்ளைகளை எல்லாரும் ஒரே மாதிரிதானே நடத்துவாங்க? அதனால கூட 42 வந்திருக்கலாமே?"

அதுக்கும் பதில் அதே 1966ல வந்தது. அமெரிக்காவுல ஓரிகன் மாநில மனநல மருத்துவமனைகள்ல, மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்த 47 பிள்ளைகளைத் தேடிப் பிடிச்சார் லெனர்ட் ஹெஸ்டன். பிறந்து மூணு நாளைக்குள்ள அம்மாகிட்ட இருந்து பிரிக்கப்பட்டு வேற இடத்துல வளர்ந்தவங்க. பெரியவங்களானப்போ அதுல 5 பேருக்கு மனச்சிதைவு. நோயில்லாத அம்மாக்களுக்குப் பிறந்து அதே மாதிரி வேற இடத்துல வளர்ந்த 50 பேர்ல ஒருத்தருக்கும் இல்ல.

அந்த 5 பேரை வளர்த்தது பெத்த அம்மா இல்ல. "மனச்சிதைவை உண்டாக்கும் தாய்" கதை அங்கயே முடிஞ்சது.

20/
எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு இனிமேதான். ஒரு கரு இரட்டையர்ல ஒருத்தருக்கு நோய், இன்னொருத்தர் நல்லா இருக்கார். நல்லா இருக்கிறவரோட பிள்ளைகள் எப்படி?

டென்மார்க்ல மார்கிட் ஃபிஷர் சேகரிச்ச இரட்டையர்களோட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, காட்டெஸ்மனும் அக்செல் பெர்டல்சனும் 1989ல வெளியிட்டாங்க. நோயுள்ள இரட்டையரோட பிள்ளைகளுக்கு 16.8 சதவீதம். நோயே வராத இரட்டையரோட பிள்ளைகளுக்கு 17.4 சதவீதம்!

அதாவது அந்த நல்லா இருந்த அண்ணனும் அதே சுமையைத்தான் தூக்கிட்டு இருந்திருக்கார். அவர்கிட்ட அது வெளிய வரல, அவ்வளவுதான். எண்ணிக்கை சின்னதுங்கறதையும், நார்வேல பார்த்தப்போ இவ்வளவு தெளிவா வரலைங்கறதையும் சொல்லிடணும். ஆனா யோசிக்க வச்ச ஆய்வு.

21/
அடுத்த வருஷம் எம்ஆர்ஐ வந்தது. ஒருத்தருக்கு நோய், இன்னொருத்தருக்கு இல்லைங்கற மாதிரி 15 ஒரு கரு ஜோடிகளோட மூளைப் படங்களை அமெரிக்காவுல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. மூளைக்குள்ள இருக்கிற திரவ அறைகளோட அளவை வச்சே, 12 ஜோடிகள்ல நோயாளி யாருன்னு கண்ணால பார்த்தே சொல்ல முடிஞ்சது.

மரபணு ஒண்ணு, மூளை வேற. நடுவுல ஏதோ நடந்திருக்கு.

22/
இப்போதைய கணக்கு எங்க நிக்குது? 2018ல டென்மார்க் 31,524 இரட்டை ஜோடிகளைப் பார்த்தது. ஒரு கருவுக்கு 33 சதவீதம், இரு கருவுக்கு 7 சதவீதம். "மரபுவழிப் பங்கு 79 சதவீதம்"னும் சொன்னாங்க.

இந்த 79ஐப் பார்த்து நிறைய பேர் பயந்துடறாங்க. "பிள்ளைக்கு வர 79 சதவீத வாய்ப்பு"ன்னு அர்த்தம் இல்ல. ஒரு மக்கள் கூட்டத்துல சிலர் இந்த நோய்க்கு நெருக்கமாவும் சிலர் தள்ளியும் இருக்காங்க இல்லையா, அந்த வித்தியாசத்துல எவ்வளவு பங்கு மரபணு வித்தியாசத்தால வருதுங்கற கணக்கு அது. தனி மனுஷனுக்கு ஜோசியம் இல்ல.

23/
ஏரியை நினைச்சுக்கோங்க. கலிங்கு மட்டத்தைத் தாண்டினாத்தான் தண்ணி வெளிய வழியும். ஒரு ஏரிக்கு ஒரே வாய்க்கால் இல்ல, நூத்துக்கணக்கான சின்னச் சின்ன வாய்க்கால். அதுதான் மரபணுக்கள். 2022ல வந்த உலகளாவிய ஆய்வுல மட்டும் 287 இடங்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் துளித் துளிதான் சேர்க்கும். தனியா எதுவும் ஏரியை நிரப்பாது. இந்த மாதிரி யோசனையை 1967லேயே முன்வச்சவங்க காட்டெஸ்மனும் ஷீல்ட்ஸும்தான்.

ஒரு கரு இரட்டையர் ரெண்டு பேர் ஏரியும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். அதுல ஒண்ணுல மட்டும் இன்னொரு மழை பெஞ்சா?

24/
அந்த மழை என்ன? கர்ப்பத்துல கடும் பட்டினி: 1944-45ல நெதர்லாந்துல நாஜிகள் உணவை மறிச்ச குளிர்காலத்துல, அந்தப் பஞ்சத்தின் உச்சத்துல கருவானவங்களுக்கு இந்த நோய் சுமார் ரெண்டு மடங்கு. பிரசவச் சிக்கல்கள். சின்ன வயசுக் கொடுமைகள். இளவயசுல அடிக்கடி கஞ்சா. தற்செயலும் உண்டு.

இதுல அம்மா திட்டினது, செல்லம் கொடுத்தது, ஹாஸ்டல்ல சேர்த்தது எதுவும் இல்ல. கவனிங்க.

25/
இப்போ அந்த அம்மாவுக்கு முழு பதில்.

முதல் கேள்வி: இல்லம்மா. உங்க வளர்ப்பு காரணம் இல்ல. நூறு வருஷம் எண்ணிப் பார்த்துட்டாங்க.

ரெண்டாவது கேள்வி: பரம்பரைப் பங்கு உண்டு, விதி இல்ல. ஐரோப்பியக் குடும்ப ஆய்வுகளைத் தொகுத்து காட்டெஸ்மன் கொடுத்த கணக்குப்படி, கூடப் பிறந்தவங்களுக்கு வர்ற வாய்ப்பு சுமார் 9 சதவீதம். அவங்க பிள்ளைகளுக்கு, அதாவது உங்க பேரப்பிள்ளைக்கு, மாமாவுக்கு இருக்குங்கறதால சுமார் 4 சதவீதம். திருப்பிச் சொன்னா, நூத்துல 96 பேருக்கு வராது.

26/
வரன்காரங்ககிட்ட சொல்லணுமா? சொல்லுங்கங்கறதுதான் என் கருத்து. மறைச்சுக் கல்யாணம் பண்ணி, யாராவது வர்றப்பல்லாம் பையனை உள் ரூம்ல உட்கார வச்சு, மாத்திரை டப்பாவை ஒளிச்சு வச்சு, அதுல அவன் ரெண்டு வேளை மாத்திரையை விட்டு... மறுபடி வார்டுல வந்து முடியறதைப் பார்த்திருக்கேன். "தம்பிக்கு உடம்பு சரியில்ல, வைத்தியம் நடக்குது, இதான் நோய்"னு சொல்லுங்க. போறவங்க போகட்டும். கேட்டுட்டு நிக்கறவங்கதான் நாளைக்கு உங்க குடும்பம்.

27/
வீட்டுல யாராவது புதுசா தனியா பேசறாங்க, காரணமில்லாம சந்தேகப்படறாங்க, தூக்கம் கெட்டு ஒதுங்கிப் போறாங்கன்னா மந்திரிக்கப் போய் மாசக்கணக்குல தள்ளாதீங்க. சீக்கிரம் ஆரம்பிக்கற வைத்தியம் நல்லா வேலை செய்யும். எங்க போறதுன்னு தெரியலைன்னா அரசோட டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அந்த அம்மா அடுத்த மாசம் பிரஷர் மாத்திரைக்கு மறுபடி வருவாங்க. இந்த தடவை கடைசி டோக்கனா வரச் சொல்லியிருக்கேன். பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொன்னேன்.